சாட்சியாகத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள், வக்கீல் எதற்கு?

கேள்வி: "நான் வேலை பார்க்கும் நிறுவனம் தொடர்பாக அமலாக்கத் துறையிலிருந்து எனக்கு சம்மன் வந்திருக்கிறது. சாட்சியாகத்தான் என்கிறார்கள். நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. வக்கீல் வைக்க வேண்டுமா? செலவாகுமா?"

வைக்க வேண்டும். செலவாகும். ஆனால் முதல் நாள் போவதற்கு முன்னால் ஆகிற செலவுதான் இருப்பதிலேயே குறைந்தது.

சம்மனை எடுத்து இன்னொரு தடவை படியுங்கள். "சாட்சி" என்ற சொல் அதில் இருக்க வாய்ப்பில்லை. பணப் பரிவர்த்தனை மோசடித் தடுப்புச் சட்டத்தின் 50ஆவது பிரிவு, விசாரணைக்குத் தேவை என்று அதிகாரி நினைக்கும் எந்த நபரையும் அழைக்க அனுமதிக்கிறது. நீங்கள் சாட்சியா, நாளைக்குக் குற்றம் சாட்டப்படப் போகிறவரா என்று அந்தக் காகிதம் எந்த உறுதியும் தருவதில்லை. "சாட்சியாகத்தான்" என்று போனில் சொன்னவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. இன்றைக்கு அவருக்கும் அவ்வளவுதான் தெரிந்திருக்கலாம்.

அதற்கும் முன்னால் அது உண்மையான சம்மனா என்று பாருங்கள். அமலாக்கத் துறை இப்போது அனுப்பும் சம்மன்களில் க்யூஆர் குறியீடும் கடவு எண்ணும் இருக்கும். அவற்றை வைத்துத் துறையின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். வீடியோ காலில் வந்து "டிஜிட்டல் கைது" என்று மிரட்டினால் அது மோசடி. அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் கிடையாது.

அடுத்து, எந்தப் பிரிவில் கூப்பிட்டிருக்கிறார்கள்? இதைப் பொறுத்துதான் உங்கள் உரிமையே மாறும். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) இருக்கிறது. போலீஸ் ஒரு சாட்சியை அழைத்தால் அது 179ஆவது பிரிவு. எழுத்து மூலம் உத்தரவு வேண்டும், "ஸ்டேஷனுக்கு ஒரு தடவை வந்துட்டுப் போங்க" என்ற போன் போதாது. பெண்களையும், 15 வயதுக்குக் கீழே, 60 வயதுக்கு மேலே உள்ள ஆண்களையும், மாற்றுத்திறனாளிகளையும், கடும் நோயாளிகளையும் அவர்கள் இருக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். அவர்களே விரும்பினால் மட்டும் ஸ்டேஷனுக்குப் போகலாம். போலீசிடம் சொல்கிற வாக்குமூலத்தில் கையெழுத்து போடக் கூடாது, 181ஆவது பிரிவே அப்படிச் சொல்கிறது. உங்களையே குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. வந்திருப்பது 35(3) நோட்டீஸ் என்றால் மட்டும் இந்தப் பதிலை மூடிவிட்டு இன்றைக்கே வக்கீலிடம் ஓடுங்கள். அது சந்தேகத்துக்கு உள்ளானவருக்குக் கொடுப்பது.

அமலாக்கத் துறை கூப்பிடும் 50ஆவது பிரிவில் இதெல்லாம் தலைகீழ். நீங்கள் சொல்வதில் கையெழுத்து வாங்குவார்கள். அது நீதிமன்ற நடவடிக்கைக்குச் சமமாகக் கருதப்படும், பொய் சொன்னால் பி.என்.எஸ். (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த சட்டம்) 229இன் கீழ் 7 ஆண்டு வரை சிறை. 2022 ஜூலையில் விஜய் மதன்லால் சௌத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்த அதிகாரிகள் போலீஸ் அல்ல, சம்மன் கட்டத்தில், தனக்கு எதிராகவே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 20(3)ஆம் உறுப்பு தரும் பாதுகாப்பைக் கேட்க முடியாது என்று சொல்லிவிட்டது. போகாமல் இருப்பதும் வழியல்ல. மணல் விவகாரத்தில் தமிழ்நாட்டின் மாவட்ட ஆட்சியர்கள் சிலருக்கு வந்த சம்மனை எதிர்த்து மாநில அரசே நீதிமன்றம் போனது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவர்களை நேரில் ஆஜராகச் சொன்னது. ஆட்சியர்களுக்கே அதுதான் நிலைமை.

"இவன் திருடனுக்கு வழி சொல்லித் தருகிறான்" என்று கமெண்ட் போட வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே எங்கேயும் பொய் சொல்லச் சொல்லவில்லை, ஆவணத்தை மறைக்கச் சொல்லவில்லை. உண்மையைச் சொல்லப் போகிறவருக்குத்தான் இந்தத் தயாரிப்பு தேவை.

நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர் என்று வைத்துக்கொள்கிறேன். இந்த மாதிரி சம்மன் பெரும்பாலும் வவுச்சரில் கையெழுத்து போட்டவருக்குத்தான் வரும். நிறுவனம் "நம்ம வக்கீலே பார்த்துக்குவார், செலவு எங்களுது" என்று சொல்லும். அவர் நிறுவனத்தின் வக்கீல். "எம்.டி. சொல்லித்தான் போட்டேன்" என்பது உங்களைக் காப்பாற்றும் வாக்கியம் என்றால், அவருடைய கட்சிக்காரரைக் கவிழ்க்கும் வாக்கியமும் அதுவே. இரண்டு பேருக்கும் ஒரே வக்கீல் நியாயம் செய்ய முடியாது. தனியாக ஒருவரைப் பாருங்கள். ஆலோசனைக்கு எவ்வளவு, ஆஜராகும் ஒவ்வொரு நாளுக்கும் எவ்வளவு என்று தனித்தனியாக, முதலிலேயே கேட்டுவிடுங்கள். மொத்தமாக ஒரு தொகை பேசினால் அது எத்தனை நாளுக்கு என்று எழுதி வாங்குங்கள், ஒரே நாளில் முடிவது அபூர்வம்.

விசாரணை அறைக்குள் வக்கீலை உட்கார வைக்கும் உரிமை கிடையாது. சுங்கத் துறை விசாரணை பற்றிய 1992ஆம் ஆண்டு பூல்பாண்டி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் அதை மறுத்துவிட்டது. சில வழக்குகளில், கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், காதுக்கு எட்டாத தூரத்தில் வக்கீல் இருக்கலாம் என்று நீதிமன்றங்கள் அனுமதித்திருக்கின்றன. அதற்குத் தனியாக மனு போட வேண்டும். ஆகவே வக்கீல் வேலை முழுவதும் அதற்கு முந்தைய நாட்களில்தான்.

அந்த நாட்களில் செய்ய வேண்டியது: சம்மனோடு வரும் பட்டியலில் கேட்ட ஆவணங்களை மட்டும் எடுங்கள். நகல்களுக்குப் பக்க எண் போட்டு, ஒரு முகப்புக் கடிதத்தில் என்னென்ன, எத்தனை பக்கம் என்று எழுதி, கடிதத்தின் இரண்டாவது பிரதியில் சீலோடு கையெழுத்து வாங்குங்கள். அசல் கேட்டால் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். போனிலிருந்து எதையும் அழிக்காதீர்கள், சாதாரணமாகச் செய்கிற வாட்ஸ்அப் சுத்தம்கூட இப்போது வேண்டாம். சாட்சியாக இருப்பவர் குற்றவாளிப் பட்டியலுக்குப் போக இது ஒன்றே போதும். அதே சம்மன் வந்த சக ஊழியரோடு "நீ என்ன சொல்லப் போற" என்று பேசுவதும் அப்படித்தான். உண்மையிலேயே உடல்நிலை சரியில்லை என்றால் குறித்த தேதிக்கு முன்பே மின்னஞ்சலிலும் விரைவுத் தபாலிலும் சான்றோடு எழுதி, வரக்கூடிய வேறு இரண்டு தேதிகளையும் சொல்லுங்கள். பதிலே போடாமல் இருப்பதுதான் சிக்கலாகும்.

உள்ளே போன பிறகு மனிதர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான், தெரியாததை ஊகித்துச் சொல்வதில். "2019இல் அந்தப் பணம் யார் சொல்லிப் போனது?" என்று கேட்டால், நாள் முழுக்க உட்கார்ந்த களைப்பில் "அவர்தான் சொல்லியிருப்பார்" என்று வாயில் வந்துவிடும். தட்டச்சில் அது "அவர் சொன்னார்" என்று ஆகிவிடும். "தெரியாது", "நினைவில்லை", "அந்த ஆவணத்தைக் காட்டினால் சொல்கிறேன்" என்ற மூன்றும் வேறு வேறு பதில்கள். எது உண்மையோ அதை மட்டும் சொல்லுங்கள். ஒரு ஆவணத்தைக் காட்டினால் முழுவதையும் படித்த பிறகே பேசுங்கள். கையெழுத்து உங்களுடையது என்பதை ஒப்புக்கொள்வது வேறு, அதில் எழுதியிருப்பது உண்மை என்று ஒப்புக்கொள்வது வேறு.

கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் படியுங்கள். தவறு இருந்தால் உங்கள் கையாலேயே அடித்துத் திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் இடுங்கள். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, கடைசியில் "எனக்குத் தமிழில் படித்துக் காட்டப்பட்டது" என்று ஒரு வரி சேர்த்திருப்பார்கள். படித்துக் காட்டாமல் அந்த வரிக்குக் கீழே கையெழுத்து போடாதீர்கள். தமிழில் பேசுகிறவரின் வாக்குமூலம் தமிழில் இருக்க வேண்டும் என்று கேட்பதில் எந்தத் தவறும் இல்லை, கேட்டேன் என்பதையும் எழுதுங்கள். இரவு நீண்டுகொண்டே போனால் மறுநாள் வருவதாகச் சொல்லலாம். நள்ளிரவு தாண்டி வாக்குமூலம் வாங்கியதை 2024 ஏப்ரலில் மும்பை உயர் நீதிமன்றம் கண்டித்த பிறகு, அலுவலக நேரத்திலேயே முடிக்க வேண்டும் என்று அமலாக்கத் துறையே சுற்றறிக்கை விட்டிருக்கிறது.

வாக்குமூலத்தின் பிரதி அன்றைக்குக் கைக்கு வராது. வெளியே வந்ததும் உள்ளே போன நேரம், வந்த நேரம், கேட்ட கேள்விகள், காட்டிய ஆவணங்கள், எத்தனை பக்கத்தில் கையெழுத்து என்று வக்கீலுக்கு எழுதி அனுப்புங்கள். மிரட்டி எழுதி வாங்கியிருந்தால் மறுநாளே எழுத்து மூலம் மறுக்க வேண்டும். மாதக்கணக்கில் கழித்து மறுத்தால், யோசித்து இட்டுக்கட்டியது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

பணத்தைத் தவிர இன்னொரு செலவு இருக்கிறது. அலுவலக வாசலில் கேமரா நின்றால் சாயந்திரமே "விசாரணை வளையத்தில்" என்று உங்கள் பெயர் ஓடும். சாட்சிக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் உள்ள வித்தியாசம் அந்த இரண்டு வார்த்தையில் கரைந்துவிடுகிறது. பெண் பார்க்க வருபவர்கள், வீட்டுக்காரர், பிள்ளைகளின் பள்ளியில் மற்ற பெற்றோர் என்று யாரும் பிறகு வந்து விசாரித்துத் திருத்திக்கொள்வதில்லை. சாட்சியின் பெயரை இப்படிப் போடுவது அநியாயம் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும்போது இரண்டாவது சுற்று. 2000இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமே எழுதியது: சாட்சிக்கு உட்கார இடமில்லை, தண்ணீர் குடிக்கக்கூட இடமில்லை, நாள் முழுக்கக் காத்திருந்து வாய்தா என்று கேட்டுத் திரும்புகிறார். சாட்சி வந்திருக்கும்போது தனிக் காரணம் எழுதாமல் ஒத்திவைக்கக் கூடாது என்று பி.என்.எஸ்.எஸ். 346ஆவது பிரிவு சொன்னாலும், வாய்தா வாங்குவது நிற்கவில்லை. பயணப்படி உண்டு, அதே சட்டத்தின் 350ஆவது பிரிவு. பேட்டாவை நீங்களாகக் கேட்டால்தான் கிடைக்கும், சாட்சி சொல்லி முடித்த அன்றைக்கே கேளுங்கள். தனியார் வேலையில் அந்த நாட்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறை கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். ஆனால் நீதிமன்ற சம்மனுக்குப் போகாமல் விட்டால் பிடிவாரண்ட் வரும். கூண்டில் நிற்கும்போது ஒரே ஒரு நிம்மதி உண்டு. உங்களையே மாட்டிவிடும் கேள்விக்கும் அங்கே பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் கட்டாயப்படுத்தி வாங்கிய அந்தப் பதிலை, பொய்ச் சாட்சி வழக்கைத் தவிர, உங்களுக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது.

மிரட்டல் வந்தால் 2018ஆம் ஆண்டின் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தில் மனு போடலாம். மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு முடிவு செய்யும், போலீஸ் 5 வேலை நாளில் ஆபத்து அறிக்கை தர வேண்டும். பாதுகாப்பு ஒரு தடவைக்கு அதிகபட்சம் 3 மாதம்தான், முடியும் முன்பே நீட்டிக்க மனு போடுங்கள். மிரட்டல் அழைப்பு வந்த எண், நேரம், பதிவு எல்லாவற்றையும் மனுவோடு சேர்க்க வேண்டும்.

சம்மன் வந்த தபால் உறையைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? குப்பையில் இருந்தாலும் எடுத்து வையுங்கள். எந்தத் தேதியில் உங்கள் கைக்கு வந்தது என்பதற்கு அந்த முத்திரைதான் ஆதாரம்.