டிரெய்லர் ஜன்னலும் ஆடி மாதம் புதுப்பித்த பாலிசியும்

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சிறிய கேம்பிங் டிரெய்லர் ஒன்றை முறையான பதிவுச் சான்றிதழோடு வாங்கிய அவர், அதில் காற்றோட்டம் இல்லை என்பதால், சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு, டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் மைத்துனரின் உதவியுடன் பக்கத் தகட்டை வெட்டி, அக்ரிலிக் ஷீட்டில் மேல்நோக்கித் திறக்கும் இரண்டு ஜன்னல்களைத் தாமே செய்து பொருத்தினார். புரட்டாசியில் குடும்பத்தோடு மேகமலைக்குப் போகும் வழியில், ஆண்டிபட்டிக் கணவாயில் எதிரே வந்த பேருந்தைக் கடந்தபோது ஒரு ஜன்னல் பிய்த்துக்கொண்டு பறந்து, பின்னால் பைக்கில் வந்த உசிலம்பட்டிக்காரர் மீது விழுந்ததில் அவருக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. போலீசார் வழக்குப் பதிந்துள்ளனர். டிரெய்லர் சேதத்துக்குக் கேட்ட 38,000 ரூபாயைக் காப்பீட்டு நிறுவனம் மறுத்துவிட்டது. மைத்துனர் மீதும் நிறுவனத்தின் மீதும் வழக்குப் போடலாமா என்று கேட்கிறார்.

ஐயா, உங்கள் கடிதத்தில் பெரும்பகுதி மைத்துனர் பேசிய பேச்சையும், காப்பீட்டு நிறுவனம் சேதத்தைப் பார்க்க அனுப்பிய சர்வேயர் உங்களை நடத்திய விதத்தையும், பைக்காரரின் உறவினர்கள் வீட்டு வாசலில் நின்று சத்தம் போட்டதையும் பற்றியது. உங்கள் மன வருத்தம் புரிகிறது. ஆனால் இவற்றில் எதுவும் நீதிமன்றத்தில் எடுபடாது. சட்டப்படி முக்கியமான செய்தியை நீங்கள் போகிற போக்கில் ஒரே வரியில் சொல்லியிருக்கிறீர்கள்: "ஆடியில் பாலிசியை ஆன்லைனில் புதுப்பித்தேன்." ஜன்னல் வெட்டியது சித்திரையில், பாலிசி புதுப்பித்தது ஆடியில். வாகனத்தில் மாற்றம் ஏதும் செய்யப்பட்டுள்ளதா என்ற கேள்வி அந்தப் படிவத்தில் இருந்ததா, இருந்தால் நீங்கள் என்ன பதில் கொடுத்தீர்கள் என்பதில்தான் உங்கள் வழக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது.

காரணம் இதுதான். டிரெய்லரும் மோட்டார் வாகனமே என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் வரையறுக்கிறது. விபத்தில் பாதிக்கப்பட்ட மூன்றாம் நபருக்கு இழப்பீடு தர மறுக்க அச்சட்டத்தின் 150ஆவது பிரிவு காப்பீட்டு நிறுவனத்துக்குச் சில காரணங்களை மட்டுமே அனுமதிக்கிறது. வாகனத்தை மாற்றியமைத்தது என்பது அந்தப் பட்டியலில் நேரடியாக இல்லை. ஆனால் பாலிசி எடுக்கும்போது முக்கியமான விவரத்தை மறைத்தது அந்தப் பட்டியலில் இருக்கிறது. அது நிரூபணமானால், பைக்காரருக்கு நிறுவனம் முதலில் பணம் கொடுத்துவிட்டு உங்களிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்ற உத்தரவை மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திடம் நிறுவனத்தின் வழக்கறிஞர் கேட்பார். அப்படி வசூலிக்கத் தனி வழக்குத் தேவையில்லை, அதே தீர்ப்பை நிறைவேற்றும் நடவடிக்கையாகவே செய்யலாம் என்று 2004இல் நஞ்சப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் கார் ஜப்தியாவதற்கு நாட்கள் அதிகம் ஆகாது.

இதற்கு முன், பாலிசியில் டிரெய்லர் தனியாகக் குறிப்பிடப்பட்டு, அதற்கான பிரீமியமும் வாங்கப்பட்டுள்ளதா என்று இன்றே பாருங்கள். காருக்கு எடுத்த பாலிசி டிரெய்லருக்கும் சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் பலர்.

இப்போது மைத்துனர் மீதான வழக்குக்கு வருகிறேன், ஏனென்றால் கட்சிக்காரர்கள் தவறாமல் விழும் குழி இதுதான். உரிமையியல் வழக்கில் வழக்கு மூலம், அதாவது வழக்குக்கான காரணம், எப்போது, எப்படி எழுந்தது என்று தேதியோடு எழுதியாக வேண்டும். "சித்திரை மாதம் பிரதிவாதி என் டிரெய்லரின் தகட்டை வெட்டி, தரமற்ற முறையில் ஜன்னல் பொருத்தினார்" என்று நீங்கள் கையெழுத்திட்ட நாளில், காப்பீட்டு நிறுவனம் தேடிக்கொண்டிருக்கும் ஆதாரத்தை நீங்களே முத்திரை வில்லை ஒட்டிக் கொடுத்தவர் ஆகிறீர்கள். லோடு வண்டியில் பக்கக் கம்பியை நீட்டி வைத்த ஒரு கட்சிக்காரர், பட்டறைக்காரர் மீது கோபத்தில் வழக்குப் போட்டார்; அந்தப் பிராதின் சான்றிட்ட நகல் சில மாதங்களில் விபத்துத் தீர்ப்பாயத்தில் அவருக்கு எதிரான ஆவணமாகக் குறியீடு செய்யப்பட்டது. பட்டறைக்காரரிடமிருந்து அவர் ஒரு ரூபாயும் வாங்கவில்லை. நுகர்வோர் ஆணையமும் உங்களுக்கு உதவாது: சாமான் செலவு மட்டும் கொடுத்து, கூலி வாங்காமல் செய்யப்பட்ட வேலை, சட்டம் சொல்லும் சேவைக்குள் வராது.

38,000 ரூபாய்க்காக நிறுவனத்தோடு மோதுவதும் இதே குழிதான். நிபந்தனை மீறல் அடிப்படையானதாக இல்லையெனில் 75 சதவீதம் வரை கொடுத்து முடிக்கலாம் என்று 2010இல் அமலேந்து சாகு வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதை உங்கள் நண்பர் யாரோ சொல்லியிருக்கிறார், சரியான தகவல்தான். ஆனால் அதைக் கேட்டு எழுதும் ஒவ்வொரு கடிதமும் மீறலை ஒப்புக்கொள்ளும் கடிதமாகவே படிக்கப்படும். அந்தத் தொகையை விட்டுவிடுங்கள். மணிக்கட்டு முறிவுக்கு, வேலை இழப்பும் நிரந்தரக் குறைபாடும் சேர்ந்தால், தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீடு அதைவிடப் பல மடங்கு பெரியது.

சர்வேயர் எடுத்த படங்களை நீங்கள் அனுப்பியிருக்கிறீர்கள். கீலைப் பிடித்திருந்த நான்கு திருகு ஓட்டைகளும் நீளமாகக் கிழிந்திருக்கின்றன. பின்பக்கம் தாங்குதகடு எதுவும் இல்லை. எந்நேரமும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் கேஸ் ஸ்ட்ரட் (ஜன்னலைத் தூக்கிப் பிடிக்கும் வாயுத் தண்டு) அப்படியே தொங்குகிறது. மேலும், வாகன ஜன்னலில் தர அங்கீகாரம் பெற்ற பாதுகாப்புக் கண்ணாடியோ அதற்கு ஈடானதோதான் இருக்க வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100ஆவது விதி. கடையில் அறுத்து வாங்கிய அக்ரிலிக் ஷீட் அதில் சேராது. ஜன்னல் வெட்டியது வாகனத்தின் அடிப்படைத் தன்மையை மாற்றவில்லை, ஆகவே வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடுக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு பொருந்தாது என்று வாதாட இடமிருக்கிறது. நானும் அப்படித்தான் வாதாடுவேன். ஆனால் அது தண்டனைக்கு எதிரான கேடயமே தவிர, இழப்பீட்டுக்கு எதிரானது அல்ல.

விபத்தின்போது ஜன்னல் கொக்கி மாட்டியிருந்ததா என்று போலீசார் கேட்டிருக்கிறார்கள். நீங்கள் முன்னால் காரை ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். கிளம்பும்போது பார்த்ததை மட்டும் உள்ளபடி சொல்லுங்கள், பார்க்காததை ஊகித்து எழுதித் தராதீர்கள். மைத்துனருக்கு அனுப்பிய தேதியிட்ட படங்களைக் கைப்பேசியிலிருந்து அழிக்கலாமா என்ற உங்கள் கேள்விக்குப் பதில்: கூடவே கூடாது, அது புதிய குற்றத்துக்கு வழி வகுக்கும்.

ஆகவே சமரசம் செய்துகொள்ளுங்கள் என்றே சொல்கிறேன். ஆனால் காவல் நிலைய வாசலில் வெள்ளைத்தாளில் எழுதி, கையில் பணம் கொடுத்து முடிப்பது சமரசம் ஆகாது. அது பைக்காரர் பின்னர் மனு போடுவதை உறுதியாகத் தடுக்காது. நிறுவனத்தின் சம்மதமின்றிப் பொறுப்பை ஏற்பதும் பணம் தருவதாக வாக்களிப்பதும் பாலிசி நிபந்தனையையே மீறுவதாகும். அவர் மனுத் தாக்கல் செய்யட்டும். அதன்பின் மூன்று தரப்பும் லோக் அதாலத்தில் உட்காருங்கள். உங்கள் பங்காக ஒரு தொகையைப் போட வேண்டியிருந்தால் போடுங்கள். ஆனால் உங்களிடமிருந்து திரும்ப வசூலிக்கும் உரிமையை நிறுவனம் கைவிடுகிறது என்ற வாசகம் தீர்வாணையில் இல்லாமல் கையெழுத்திடாதீர்கள். அந்த ஆணைக்கு மேல்முறையீடு கிடையாது என்பதால், விடுபட்ட வாசகத்தைப் பின்னால் சேர்க்க முடியாது. பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 281ஆவது பிரிவும் (பொதுச் சாலையில் அஜாக்கிரதையாக வாகனம் ஓட்டுவது) முதல் தகவல் அறிக்கையில் இருந்தால், அது சமரசத்தால் தானாக முடியாது; உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரத்து மனு போட வேண்டியிருக்கும்.

மைத்துனருக்கு அனுப்பத் தயாராக வைத்திருக்கும் நோட்டீசை நிறுத்துங்கள். வழக்கு முடியும்வரை உடைந்த ஜன்னலின் துண்டுகளையும் மற்ற ஜன்னலையும் தொடாமல், டிரெய்லரைச் சாலையில் எடுக்காமல் வைத்திருங்கள். பிறகு ஜன்னல் வேண்டுமென்றால், வெளியே நீளாத, பாதுகாப்புக் கண்ணாடியில் செய்த ஸ்லைடிங் ஜன்னலுக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாக அனுமதி கேட்டு, பதில் வந்த பிறகே தகட்டில் கை வையுங்கள். அடுத்த முறை பாலிசியைப் புதுப்பிக்கும்போது அதை மறக்காமல் குறிப்பிடுங்கள்.