கோபியிலிருந்து கோவைக்கு: மகளை ஹாஸ்டலில் விடலாமா?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகளுக்குக் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண், அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள். தினமும் பஸ்ஸில் போய் வரட்டும் என்பது அப்பாவின் எண்ணம். கோவையிலேயே கணபதி பகுதியில் இருக்கும் சித்தி, "எங்க வீட்லயே இருக்கட்டுங்க" என்கிறார். அம்மாவுக்கோ ஹாஸ்டல் என்றாலே பயம்.

ஹாஸ்டலில் சேருங்கள் அம்மா. யோசித்துத்தான் சொல்கிறேன்.

பஸ் சரிப்படாது. காந்திபுரத்தில் இறங்கி, தடாகம் சாலைக்கு இன்னொரு பஸ் மாற வேண்டும். போக வரவே ஐந்து மணி நேரம் ஓடிவிடும். முதல் செமஸ்டரிலேயே கணக்கு, இயற்பியல், பொறியியல் வரைபடம், லேப் ரெக்கார்டு எல்லாம் சேர்ந்து வரும். இருட்டிய பிறகு வீடு வந்து, விடியுமுன் கிளம்புகிற புள்ளை எப்போது உட்கார்ந்து எழுதும்?

சித்தி மனசாரத்தான் கூப்பிடுகிறார். ஆனால் நான்கு வருஷம் ஒரு வீட்டில் விருந்தாளியாக இருப்பது கஷ்டம். பரீட்சை சமயத்தில் இரவு ஒரு மணிக்கு விளக்கைப் போட அவளுக்குக் கூச்சமாக இருக்கும். வீட்டில் விசேஷம் என்றால் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து வந்தாக வேண்டும். சித்தியை உள்ளூர்ப் பாதுகாவலராகப் போடுங்கள். ஹாஸ்டல் விண்ணப்பத்தில் அதற்கென்று இடம் இருக்கும்; அவருடைய போட்டோவும் கைபேசி எண்ணும் கேட்பார்கள். காய்ச்சல் என்றால் ஓடி வர ஊரிலேயே ஒரு ஆள் இருப்பது பெரிய பலம்.

ஹாஸ்டலில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரிந்தால் பாதி பயம் போய்விடும். காலையில் குளியலறை வாசலில் பக்கெட்டோடு வரிசை. எட்டு மணிக்குள் மெஸ்ஸில் இட்லியோ பொங்கலோ. சாயங்காலம் குறித்த நேரத்துக்குள் உள்ளே வந்து கையெழுத்தோ கைரேகையோ வைக்க வேண்டும். வெளியே போக அவுட்பாஸ், ஊருக்குப் போக வார்டன் அனுமதி. துணியைத் தானே துவைக்க வேண்டும். ஒரு அறையில் மூன்று நான்கு பேர். ஒருத்திக்கு ஃபேன் ஓடியே ஆக வேண்டும், இன்னொருத்திக்கு ஃபேன் ஓடினால் தூக்கம் வராது. இதைப் பேசித் தீர்க்கத் தெரிவதே ஒரு படிப்புதான்.

படிப்பும் அங்கேதான் நடக்கிறது. வகுப்பில் புரியாத கணக்கை இரவு பத்தரை மணிக்குக் கட்டிலில் உட்கார்ந்து பக்கத்து அறைப் பெண் சொல்லிக் கொடுப்பாள். கல்லூரியே நடத்தும் இன்டர்னல் தேர்வுக்கு எந்தப் பாடத்தை முதலில் எடுப்பது, எந்தப் புத்தகம் போதும், மூன்றாம் வருஷம் வேலைவாய்ப்புத் தேர்வுக்கு எப்போது தயாராக வேண்டும் என்பதெல்லாம் சீனியர்கள் வாய்வழியாக வருகிற விஷயம். கேட்டுச் சொல்ல வீட்டில் ஆள் இருக்கிற பிள்ளைகளுக்கு இது வீட்டிலேயே கிடைத்துவிடும். உங்கள் மகளுக்கு ஹாஸ்டல்தான் அந்த இடம்.

நம் கொங்குப் பக்கத்துப் பெற்றோரிடம் நான் அதிகம் வலியுறுத்துவது வேறொன்று. கோபி, தாராபுரம், காங்கேயம், பொள்ளாச்சி, எந்த ஊரானாலும் கோவையிலிருந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்விடலாம். அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் காந்திபுரம் பேருந்து நிலையம் முழுக்க அழுக்குத் துணிப் பையோடு ஹாஸ்டல் பிள்ளைகள். வாராவாரம் ஊருக்கு வருகிற பிள்ளைக்கு ஹாஸ்டல் வெறும் லாட்ஜ் ஆகிவிடுகிறது. சனி, ஞாயிறுதான் அறைத் தோழிகள் ஒன்றாக ரெக்கார்டு முடிப்பார்கள், சிம்போசியம் என்கிற கல்லூரிக் கருத்தரங்கு, போட்டிகளுக்குத் தயாராவார்கள், சும்மா பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த இரண்டு நாளும் இல்லாதவள் திங்கட்கிழமை மறுபடியும் புது ஆளாக வந்து நிற்பாள். வீட்டு ஏக்கம் தீராமல் இழுத்துக்கொண்டே போவது பெரும்பாலும் இப்படிப்பட்டவர்களுக்குத்தான்.

அதனால் முதல் ஐந்தாறு வாரம் அவள் அங்கேயே இருக்கட்டும். ஆயுத பூஜை விடுமுறைக்கு வரட்டும். நீங்களும் ஞாயிறுதோறும் அரிசிம்பருப்பு சாதம் கட்டிக்கொண்டு போக வேண்டாம். போகிற ஒரு தடவை நாலு பேருக்குச் சேர்த்துக் கொண்டு போங்கள், அறையே உங்களுக்குச் சொந்தமாகிவிடும்.

ஊருக்கு வந்தால் மெஸ் காசு மிச்சம் என்றும் நினைக்க வேண்டாம். பல கல்லூரி ஹாஸ்டல்களில் டிவைடிங் முறைதான். மாதத்தில் அரிசி, காய், பால், கேஸ் எல்லாவற்றுக்கும் ஆன மொத்தச் செலவைச் சாப்பிட்டவர்களின் நாள் கணக்கால் வகுத்து, ஒரு நாளைக்கு இவ்வளவு என்று போடுவார்கள். லீவுக்குக் கழிவு உண்டு என்றாலும், பெரும்பாலும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துத் தொடர்ச்சியாகச் சில நாள் இல்லாமல் இருந்தால்தான் கழிப்பார்கள். சனி, ஞாயிறுக்குக் கிடைக்காது. சேரும்போதே இந்த விதியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மாதம் போனில் அழுகை வரும். "சாம்பார் தண்ணியா இருக்கும்மா", "உப்புத்தண்ணில முடி கொட்டுதும்மா" என்பாள். கேளுங்கள், ஆனால் உடனே வார்டனைக் கூப்பிடாதீர்கள். "மெஸ் கமிட்டியில யாரு இருக்காங்க கண்ணு, அவங்ககிட்டச் சொன்னியா?" என்று கேளுங்கள். தன் குறையைத் தானே போய்ச் சொல்லப் பழகினால்தான் நாளைக்கு இன்டர்வியூவில் வாய் திறப்பாள்.

ஆனால் சில விஷயங்களில் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. ராகிங் அதில் முதலாவது. தமிழ்நாட்டில் 1997-லேயே இதற்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிகளின்படி மாணவரும் பெற்றோரும் ராகிங்குக்கு எதிரான உறுதிமொழி தர வேண்டும். நீங்களும் கையெழுத்துப் போடுவீர்கள், படித்துவிட்டுப் போடுங்கள். 1800-180-5522 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் புகார் சொல்லலாம். மகளுடைய போனில் இப்போதே பதிந்து கொடுங்கள். அதேபோல், அழுகை ஓய்ந்து பேச்சே குறைந்தாலோ, சாப்பாடும் தூக்கமும் கெட்டு வகுப்புக்குப் போகாமல் படுத்திருந்தாலோ, வாழப் பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை வந்தாலோ, அன்றைக்கே பஸ் ஏறிவிடுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசனை கிடைக்கும்.

பணத்துக்கு வருகிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து, 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் பெற்றவர்களுக்குக் கல்விக் கட்டணத்தோடு ஹாஸ்டல் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2021-ல் அறிவிக்கப்பட்டது. உங்கள் மகளின் ஒதுக்கீட்டு ஆணையில் அந்த ஒதுக்கீடு குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், காசு கட்டுவதற்கு முன்னால் கல்லூரி அலுவலகத்தில் அந்த ஆணையைக் காட்டிக் கேளுங்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கான புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான். அந்தப் பணத்தை அவளே கணக்கு வைத்துச் செலவழிக்கட்டும். இரண்டுக்கும் பள்ளிப் படிப்புச் சான்று தேவைப்படும். தலைமையாசிரியரிடம் இந்த வாரமே வாங்கி, நாலைந்து நகல் எடுத்து வையுங்கள். ஆதார் வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறதா என்பதையும் கோபியிலேயே சரிபார்த்துவிட்டு அனுப்புங்கள்.