மாவும் நைஸ், ஆளும் நைஸ்

அன்புள்ள ஐயா,

பாலக்கோடு பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். ஏழாம் வகுப்பில் ‘நைஸ்’ என்றால் நல்ல, இனிமையான என்று போர்டில் எழுதிப் போட்டேன். ஒரு பையன் எழுந்து, “எங்கம்மா மில்லுல ராகியை நைஸா அரைக்கச் சொல்லுது, அதுவும் இதுவும் ஒண்ணா டீச்சர்?” என்றான். இன்னொரு பெண், ஆங்கிலத்தில் போலீஸ் எழுதும்போது கடைசி மூன்று எழுத்துக்கு (ஐ, சி, இ) ‘ஈஸ்’ என்கிறோம், இங்கே மட்டும் ஏன் ‘ஐஸ்’ என்று கேட்டாள். சக ஆசிரியர் ஒருவரோ, அந்தச் சொல்லே நம் ‘நை’ என்ற வேரிலிருந்து போனதுதான் என்று அடித்துச் சொல்கிறார். கட்டுரை எழுதச் சொன்னால் அம்மா நைஸ், மாம்பழம் நைஸ், ஒகேனக்கல் நைஸ் என்று பக்கத்தை நிரப்பிவிடுகிறார்கள். விடுவதா, தடுப்பதா?

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

உங்கள் சக ஆசிரியரின் ‘நை’யை முதலில் முடித்துவிடுவோம். நைந்த துணி, நையப் புடைப்பது எல்லாம் நம்முடையவைதான். ஆனால் ஆங்கில நைஸ் வந்த தடம் தெளிவாகவே இருக்கிறது. லத்தீனில் ‘நெஸ்கியுஸ்’ என்றால் அறியாதவன். ‘நெ’ இன்மையைக் குறிப்பது, ‘ஸ்கிரே’ என்றால் அறிதல். சயின்ஸ் பிறந்ததும் இதே ஸ்கிரேயிலிருந்துதான். அது பழைய பிரெஞ்சில் தேய்ந்து மடையனைக் குறிக்கும் சொல்லாகி, 1300 வாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தது. 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் ஒருவனை நைஸ் என்றால் அது பாராட்டல்ல. ஓசை ஒத்துப்போவதை வைத்து மட்டும் உறவு கொண்டாடினால் உலகத்தில் எல்லா மொழியும் நமக்குப் பங்காளிதான்.

மடையன் எப்படி நல்லவன் ஆனான் என்பதுதான் சுவையான பகுதி. நடுவில் அந்தச் சொல் கூச்சப்படுபவரைக் குறித்தது, பிகு பண்ணுபவரைக் குறித்தது, எதை வைத்தாலும் நொட்டை சொல்பவரைக் குறித்தது. நொட்டை சொல்கிறவருக்குக் கண் கூர்மை. அங்கிருந்து நுட்பமான, துல்லியமான என்ற பொருள்கள் கிளைத்தன. ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியில் நைஸுக்கு முதலில் தருவது இந்தத் துல்லியத்தைத்தான். இனிமையான, நல்ல என்ற பொருள் பரவலானது அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில்தான்.

இது தெரியாமல் பழைய ஆங்கிலம் படித்தால் தடுக்கி விழுவோம். ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட் நாடகத்தின் கடைசிப் பகுதியில், ரோமியோவுக்கு அனுப்பிய கடிதம் போய்ச் சேரவில்லை என்று தெரிந்ததும் பாதிரியார் லாரன்ஸ் பதறி, அந்தக் கடிதம் ‘நைஸ் இல்லை’ என்கிறார். இன்றைய பொருளில் எடுத்தால் கடிதம் நன்றாக எழுதப்படவில்லை என்றாகும். அவர் சொல்வது வேறு: அது அற்ப சமாசாரம் இல்லை, தலைபோகிற விஷயம். நுண்ணியது என்பது சின்னது, சில்லறையானது என்றும் ஓடியிருக்கிறது.

‘சில்லி’ என்ற சொல் இதற்கு நேர் எதிரே நடந்தது. அது ஆதியில் பேறுபெற்ற, மகிழ்ச்சியான என்ற பொருளில் இருந்து, கடைசியில் அசடாகிவிட்டது. இரண்டும் வழியில் எங்கோ ஒன்றையொன்று கடந்து போயிருக்கின்றன.

உச்சரிப்புக்கு வருகிறேன். அந்தப் பெண் கேட்டது நல்ல கேள்வி, அவளுக்குக் கைதட்டச் சொல்லுங்கள். சாசர் காலத்தில் இதையும் ஏறக்குறைய ‘நீஸ்’ என்றுதான் சொன்னார்கள். சுமார் 1400க்கும் 1700க்கும் இடையில் ஆங்கிலத்தின் நெட்டுயிர்கள் வரிசையாக இடம் மாறின. அப்போது ‘ஈ’ மெல்ல ‘ஐ’ ஆனது. ‘டீம்’ டைம் ஆனது, ‘லீஃப்’ லைஃப் ஆனது, இதுவும் கூடவே போயிற்று. இந்த மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே, 1476இல், காக்ஸ்டன் என்பவர் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் வைத்துவிட்டார். அச்சில் எழுத்து உறைந்தது, வாய் உறையவில்லை. போலீஸ் பிற்பாடு பிரெஞ்சிலிருந்து வந்து அந்த உச்சரிப்பையே பிடித்துக்கொண்ட சொல். ஆபீஸ், நோட்டீஸில் அழுத்தம் முதலில் விழுவதால், ஆங்கிலேயர் வாயில் கடைசி ‘இஸ்’ என்று குறுகிவிடும். பிரான்ஸில் இதே எழுத்துக்களோடு ஒரு கடற்கரை நகரம் உண்டு, அது இன்றும் நீஸ்தான். அந்தப் பெயர் வெற்றியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, நம் மடையனோடு சம்பந்தமில்லை. ஓசூர்க்காரர்கள் பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் ஏறும் நைஸ் ரோடும் சம்பந்தமில்லாததுதான், அது ஒரு கம்பெனிப் பெயரின் முதலெழுத்துகள்.

இனி மில்லுக்குப் போன அம்மா. எங்கள் தெரு மில்லில் டப்பாவைத் தராசில் வைத்ததும், “களிக்கா, புட்டுக்கா?” என்றுதான் மில்காரரின் முதல் கேள்வி. புட்டு என்றால் கொரகொரப்பாக விடுவார். நைஸ் என்றால் கல்லை இன்னும் நெருக்கிவிட்டு, கீழே கொட்டும் மாவை இரண்டு விரலில் தேய்த்துப் பார்ப்பார். விரலில் நறநறத்தால் மறுபடி மேலே கொட்டுவார். இது தப்பான ஆங்கிலம் என்று தயவுசெய்து பையனிடம் சொல்லிவிடாதீர்கள். ஆங்கிலேயர் பேச்சில் பின்னுக்குப் போய்விட்ட ‘நுண்மை’தான் அந்த மாவில் இருக்கிறது. நைய அரைப்பது, நயம் சரக்கு என்று ஏற்கெனவே நம் காதில் விழுந்துகொண்டிருந்த ஓசைகளும் இந்தச் சொல்லுக்கு இங்கே பாய் விரித்திருக்கும் என்பது என் எண்ணம். உங்கள் சக ஆசிரியருக்கு நான் விட்டுக்கொடுக்கக்கூடியது அவ்வளவுதான்.

“நைஸா நழுவிட்டான்”, “நைஸா பேசி வாங்கிட்டான்” என்பதும் அதே நூல்தான். பொடியின் நுண்மை புத்தியின் நுண்மைக்குப் போகிறது. ‘நுண்ணிய நூல்பல கற்பினும்’ என்று வள்ளுவர் சொல்லும்போதும் அந்த நுண்மை மணலுக்கோ மாவுக்கோ உரியதல்ல. என்ன, நாம் அதில் கொஞ்சம் கள்ளத்தனத்தையும் கலந்துவிட்டோம்.

கட்டுரைப் பிரச்சினை உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. ஜேன் ஆஸ்டின் இறந்த பிறகு, 1817 கடைசியில் வெளிவந்த நார்தாங்கர் அபே நாவலில், ஒரு புத்தகத்தை நைஸ் என்று சொல்லும் பெண்ணை நாயகன் ஹென்றி கிண்டலடிக்கிறான்: நாள் நைஸ், நடை நைஸ், நீங்கள் இருவரும் நைஸ், எல்லாவற்றுக்கும் பொருந்துகிற நைஸான சொல் அது! தடை போடாதீர்கள். நைஸ் எழுதிய பிள்ளையிடம், ஒகேனக்கலில் எது நைஸ் என்று மட்டும் கேளுங்கள். பரிசலா, எண்ணெய் மசாஜா, மீன் வறுவலா? அதை எழுதட்டும், நைஸ் தானாக உதிர்ந்துவிடும்.

பின்குறிப்பு: கிருஷ்ணகிரி மலைப்பாறைகளில் பெரும்பகுதி இன்னொரு ‘நைஸ்’. கறுப்பும் வெளுப்பும் பட்டை பட்டையாக ஓடும் உருமாறிய பாறை. கிரானைட் என்று நம் பட்டறைகளில் அறுத்து விற்பதிலும் இது நிறைய உண்டு. ஜெர்மன் சுரங்கக்காரர்கள் வைத்த பெயர் என்பதால் முன்னால் ஒரு ‘ஜி’ எழுதவேண்டும், வாயில் வராது. உங்கள் வகுப்பில் கண்டிப்பாக யாராவது ஏன் என்று கேட்பார்கள்.