பத்மினி காருக்கு ஹெட் கேஸ்கெட் மாத்தி ரெண்டே மாசத்துல திரும்ப போச்சு, மெக்கானிக் வண்டியையும் தரலை: சட்டப்படி என்ன வழி?

கேள்வி: திருச்சில இருக்கேன் சார். அப்பா வச்சிருந்த 1982 மாடல் பிரீமியர் பத்மினி. ஹீட் ஆகி தண்ணி கொதிச்சு வெளிய வந்ததால மதுரைல பழைய வண்டி பாக்குற ஒரு ஒர்க்‌ஷாப்ல விட்டேன். ஹெட் கேஸ்கெட் போச்சுன்னு மாத்தி 18,500 ரூபா வாங்கினார். ரெண்டு மாசத்துல மறுபடியும் ஹீட், இப்ப டிப்ஸ்டிக்ல ஆயில் பால் காபி கலர்ல வருது. அவர்கிட்டயே திரும்ப விட்டேன். இன்னும் ஹெட்டை இறக்கலை, ஆனா "நீங்க தண்ணி பாக்காம ஓட்டிட்டீங்க, ஹெட்டு வளைஞ்சிருச்சு, 24,000 ஆகும்"ங்கிறார். வேண்டாம் வண்டியை கொடுங்கன்னா செக் பண்ணின கூலி 2,500, அதுபோக ஒரு நாளைக்கு 200 ரூபா ஷெட் வாடகை கேக்குறார். பில்லுல "செய்த வேலைக்கு கேரண்டி இல்லை"ன்னு அச்சடிச்சிருக்கு. முதல் தடவையே ரேடியேட்டர் அடைப்பு எடுக்கணும்னு அவர் வாட்ஸ்அப்ல சொன்னார், நான்தான் அப்புறம் பாத்துக்கலாம்னு போட்டுட்டேன். நுகர்வோர் கோர்ட்டுக்கு போலாமா, போலீஸ்ல சொன்னா வண்டி வருமா?

பதில்:

போலாம் சார், திருச்சிலயே போலாம். ஆனா அதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை, இன்னைக்கே அவருக்கு ஒரு மெசேஜ் போடுங்க, நான் இல்லாம ஹெட்டை இறக்கக்கூடாதுன்னு. உங்க கேஸோட மொத்த ஆதாரமும் இப்ப அந்த ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுலதான் இருக்கு (ஹெட்னா இன்ஜினோட மேல் மூடி, பிளாக்னா சிலிண்டர் இருக்கிற கீழ் பாகம், ரெண்டுக்கும் நடுவுல கசியாம அடைக்கிற தகடுதான் கேஸ்கெட்). நிறைய பேர் பண்றது என்னன்னா கோவத்துல வண்டியை எடுத்துட்டு வேற மெக்கானிக்கிட்ட விட்டு, அவர் பிரிச்சு பழைய கேஸ்கெட்டை குப்பையில போட்டு, புதுசு மாட்டி, வண்டியும் ஜம்முனு ஓடி, அதுக்கப்புறம் என்கிட்ட வந்து முதல் மெக்கானிக் மேல கேஸ் போடணும்பாங்க, எதை வச்சு போடறது?

கேஸ்கெட் திரும்ப போச்சுங்கிறது மட்டும் சேவை குறைபாடு ஆகாது, இதை நல்லா மனசுல வச்சுக்கங்க. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019ல பிரிவு 2(11) சேவை குறைபாடுன்னா என்னன்னு சொல்லுது, வேலையோட தரத்துல, செய்யுற முறையில இருக்குற குறை, கவனக்குறைவு எல்லாம் அதுல வரும். ஆனா அந்த குறையை நிரூபிக்க வேண்டியது புகார் குடுக்குறவர்தான்னு உச்ச நீதிமன்றம் 2021ல எஸ்ஜிஎஸ் இந்தியா வழக்குல தெளிவா சொல்லிடுச்சு. ஆக, ஏன் திரும்ப போச்சுன்னு நீங்க காட்டணும். அதனால கொஞ்சம் இன்ஜின் விஷயம் பேசியே ஆகணும், பொறுத்துக்கங்க.

பத்மினில 1,089 சிசி இன்ஜின், பிளாக் வார்ப்பிரும்பு, மேல உக்காந்திருக்கிற ஹெட் அலுமினியம். சூட்டுல அலுமினியம் இரும்பை விட அதிகமா விரியும், அதனால வண்டி ஒரு தடவை நல்லா கொதிச்சிடுச்சுன்னா ஹெட்டு லேசா வளைய வாய்ப்பு ஜாஸ்தி. அப்படி கொதிச்ச வண்டியில ஹெட்டை இறக்கினா புது கேஸ்கெட்டை வச்சு அப்படியே மூடக்கூடாது. நேர்பட்டை வச்சு, அதுக்கு கீழ ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்குற மெல்லிய தகடு) விட்டு நீளவாட்டுலயும் மூலைக்கு மூலையும் பாக்கணும், பொதுவா 0.05 மில்லிமீட்டருக்கு மேல இடைவெளி வந்தாலே லேத்துக்கு அனுப்பி ஃபேஸிங் (முகத்தை சமமா சீவுறது) பண்றது நல்ல மெக்கானிக்கோட பழக்கம். விரிசல் இருக்கான்னு ஹெட்டை பிரஷர் டெஸ்டும் பண்ணணும். அப்புறம் பிளாக் முகத்தை சுத்தம் பண்ணி, போல்ட்டெல்லாம் நடுவுல இருந்து ஆரம்பிச்சு வெளிப்பக்கமா, ஒரே மூச்சுல இறுக்காம ரெண்டு மூணு கட்டமா டார்க் ரென்ச் (இறுக்குற விசையை, அதாவது டார்க்கை, அளந்து காட்டுற ஸ்பானர்) வச்சு இறுக்கணும். அந்த காலத்து வண்டிக்கு வர்ற பழைய மாடல் கேஸ்கெட் கொஞ்சம் ஓடினதும் அமுங்கும், அதனால கொஞ்ச தூரம் ஓட்டிட்டு கொண்டாங்கன்னு சொல்லி ஒரு தடவை திரும்ப டைட் பண்ணி கொடுப்பாங்க.

இப்ப உங்க பில்லை பாருங்க, போட்டோ அனுப்பியிருந்தீங்களே, கேஸ்கெட் செட், இன்ஜின் ஆயில், கூலன்ட், ஹோஸ் ரெண்டு, லேபர், அவ்வளவுதான். ஃபேஸிங் கூலி இல்ல, லேத்து பட்டறை ரசீது இல்ல, பிரஷர் டெஸ்ட் இல்ல. இது மட்டுமே அவர் தப்பு பண்ணினார்னு காட்டாது, அளந்து பார்த்தேன் நேரா இருந்துச்சு அதனால அனுப்பலைன்னு அவர் சொல்லலாம். சரி, அப்ப அளந்த அளவு எங்கன்னு நாம கேப்போம். அவருக்கு நாம அனுப்பப்போற நோட்டீஸ்ல முதல் கேள்வியே அதுதான்: ஹெட் சமமா இருக்கான்னு எந்த தேதியில எதை வச்சு பாத்தீங்க, ரீடிங் என்ன, திரும்ப டைட் பண்ண வண்டியை கூப்பிட்டீங்களா?

இன்னொன்னு, நீங்களே கவனிக்காம எழுதியிருக்கீங்க. ஹெட்டை இன்னும் இறக்கவே இல்ல, ஆனா ஹெட்டு வளைஞ்சிருச்சுன்னு அவர் சொல்றார். மூடியிருக்கிற ஹெட்டு வளைஞ்சிருக்குன்னு வெளியில இருந்து அவருக்கு எப்படி தெரிஞ்சுது? கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள அழுத்தம்) பாத்தா பக்கத்து பக்கத்து ரெண்டு சிலிண்டர்ல குறைவா வந்து கேஸ்கெட் போயிருக்குன்னு சந்தேகப்படலாம், ரேடியேட்டர் மூடியை திறந்து வச்சு ஸ்டார்ட் பண்ணினா குமிழி வரும், ரேடியேட்டர் வாயில நீல கலர் திரவம் வச்சு பாக்குற டெஸ்ட்ல புகை கலந்தா மஞ்சளாகும், இதெல்லாம் கேஸ்கெட்டோ ஹெட்டோ எங்கயோ லீக்குன்னு சொல்லும், எத்தனை மில்லி வளைஞ்சிருக்குன்னு சொல்லாது. ஒருவேளை முதல் தடவை இறக்கினப்பவே வளைஞ்சிருந்தது அவருக்கு தெரியுமோ? அவர் அதை வாய்ஸ் மெசேஜ்ல சொல்லியிருந்தா அழிச்சுடாதீங்க, போன் மாத்துறதா இருந்தாலும் பழைய போனை வச்சுக்கங்க. எலக்ட்ரானிக் ஆதாரத்துக்கு பாரதிய சாக்ஷிய அதினியம் (புது சாட்சியச் சட்டம்) பிரிவு 63 சான்றிதழ் ஒன்னு இணைக்கணும், நுகர்வோர் ஆணையத்துல இதுல கொஞ்சம் தளர்வா இருப்பாங்கன்னாலும் இணைச்சிடறது நல்லது.

இனி உங்களுக்கு எதிரான பக்கம். ரேடியேட்டர் அடைப்பு எடுக்கணும்னு அவர் எழுத்துல சொல்லி நீங்க வேண்டாம்னது பெரிய பாயின்ட் அவருக்கு. நாப்பது வருஷத்து ரேடியேட்டர் அடைச்சிருந்தா புது கேஸ்கெட்டும் கொதிச்சு போகத்தான் செய்யும். அந்த மெசேஜை புகார்ல மறைக்கலாம்னு நினைக்காதீங்க, எப்படியும் அவர் தாக்கல் பண்ணிடுவார், நீங்க மறைச்சது தெரிஞ்சா மத்த எல்லாத்துலயும் நம்பிக்கை போயிடும். நாமளே சொல்லிட்டு, ரேடியேட்டர் சரியில்லைன்னா வண்டியை ஓட்டாதீங்கன்னு எங்கேயும் எச்சரிக்கலை, வேலை முடிஞ்சுது எடுத்துட்டு போங்கன்னுதான் கொடுத்தார்னு வாதாடலாம். அதே மாதிரி ஹீட் முள்ளு சிவப்புக்கு போனப்புறம் எவ்வளவு தூரம் ஓட்டுனீங்க? அதை எனக்கு உண்மையா எழுதுங்க. முள்ளு ஏறினதும் ஓரம்கட்டியிருந்தா ஒரு கதை, பைபாஸ்ல அப்படியே வீடு வரைக்கும் வந்திருந்தா வேற கதை. ஒப்பந்தச் சட்டம் பிரிவு 73ல நஷ்டத்தை குறைக்க உங்க கையில இருந்த வழியையும் கணக்குல எடுப்பாங்க.

தப்பு அவர் வேலையிலயா, நீங்க ஓட்டினதுலயான்னு ஹெட்டை இறக்குறப்ப பெரும்பாலும் தெரிஞ்சிடும். போல்ட்டை கழட்டும்போது எவ்வளவு டார்க்ல விடுதுன்னு குறிச்சா சரியா இறுக்கினாரா இல்லையான்னு ஓரளவு தெரியும், இன்ஜின் ஆறியிருக்கணும், ஒவ்வொரு போல்ட்டா வீடியோ எடுக்கணும். கேஸ்கெட் எந்த இடத்துல கருகியிருக்கு, ரெண்டு சிலிண்டருக்கு நடுவுலயா இல்ல தண்ணி ஓட்டைக்கு பக்கத்துலயா, பிளாக்ல பழைய கேஸ்கெட் துணுக்கு சுரண்டாம விட்டிருக்காங்களா, சீலன்டை அப்பியிருக்காங்களா, பாத்துக்கங்க. தண்ணி இல்லாம ஓட்டின வண்டியில பிஸ்டன்லயும் சிலிண்டர் சுவர்லயும் கீறல் விழுந்திருக்க வாய்ப்பு உண்டு. அது இல்லாம ஹெட்டு மட்டும் வளைஞ்சிருந்தா அவரோட "தண்ணி பாக்காம ஓட்டிட்டீங்க" கொஞ்சம் பலம் குறையும். இதை யார் பாத்து எழுதணும்னா, உங்களுக்கு தெரிஞ்ச மெக்கானிக் வேண்டாம், அவர் உங்க ஆள்னு எதிர்தரப்பு சொல்லிடும். லைசென்ஸ் உள்ள மோட்டார் சர்வேயர் (வண்டி சேதத்தை மதிப்பிடுறவர்), இல்லைன்னா இன்ஜினியரிங் காலேஜ் ஆட்டோமொபைல் துறை ஆசிரியர் ஒருத்தர், கையெழுத்து போட்டு ரிப்போர்ட் கொடுக்கணும், தேவைப்பட்டா அஃபிடவிட்டும். பீஸ் கேப்பாங்க, அதையும் வழக்கு செலவுல கேக்கலாம்.

மெசேஜ் இப்படி இருக்கட்டும்: "என் வண்டியின் இன்ஜின் ஹெட்டை என் தரப்பு நிபுணர் முன்னிலையில் மட்டுமே இறக்க வேண்டும். உங்களுக்கு வசதியான தேதியை ஏழு நாட்களுக்குள் தெரிவிக்கவும். கழற்றும் கேஸ்கெட், போல்ட் எதையும் அப்புறப்படுத்த வேண்டாம்." இதையே ஸ்பீட் போஸ்ட்லயும் அனுப்புங்க, டெலிவரி ஆனதுக்கான அத்தாட்சியோட. வேண்டாம்னு அவர் மறுத்தா அந்த மறுப்பே நமக்கு உதவும்.

வண்டியை பிடிச்சு வைக்கலாமா? ஒப்பந்தச் சட்டம் பிரிவு 170, ஒரு பொருள் மேல உழைப்போ திறமையோ போட்டு வேலை செஞ்சவர் கூலி வர்ற வரைக்கும் அந்த பொருளை வச்சுக்கலாம்ங்குது. அந்த உரிமை அந்த வேலையோட கூலிக்கு மட்டும்தான். 18,500 நீங்க முழுசா கொடுத்துட்டீங்க, அதுக்கு பாக்கி இல்ல. 24,000 வேலையை நீங்க செய்ய சொல்லவே இல்ல, அவரும் செய்யலை. மிச்சம் அந்த 2,500 செக்கிங் கூலி, அதுல ஏதோ வாதாட அவருக்கு இடம் இருக்கு. ஷெட் வாடகை, முன்னாடியே பேசிக்காத வரைக்கும், அவர் தன்னோட பாக்கிக்காக வச்சிருக்கிற வண்டிக்கு உங்ககிட்ட வாடகை கேக்குறது நிக்காதுங்கிறதுதான் என் அபிப்பிராயம். ரிசப்ஷன்ல போர்டு எதாவது மாட்டியிருக்கான்னு போட்டோ எடுங்க.

அதனால நான் சொல்ற வழி, 2,500ஐ பேங்க் வழியா அனுப்பி "ஆட்சேபத்தோட, என் உரிமைக்கு பாதகமில்லாம கட்டுறேன்"னு எழுதிடுங்க. வண்டியை ஓட்டாம ரெக்கவரி வண்டியில ஏத்தி எடுத்துட்டு வாங்க, ஏத்துறதுக்கு முன்னாடி கிலோமீட்டர் மீட்டர், பானெட், இன்ஜின் நம்பர் எல்லாம் வீடியோ, அப்புறம் நிபுணர் முன்னாடி பிரிக்கிற தேதியை அவருக்கும் சொல்லி வரச் சொல்லுங்க. வரலைன்னா அவர் இஷ்டம். 2,500 வாங்கிட்டும் வண்டி தரலைன்னா புகாரோடவே நுகர்வோர் சட்டம் பிரிவு 38(8)ல இடைக்கால மனு போட்டு வண்டியை விட சொல்லி உத்தரவு கேக்கலாம். ராத்திரி போய் மாத்து சாவி போட்டு எடுத்துட்டு வர்ற ஐடியா யாராவது கொடுத்தா காதுல வாங்காதீங்க.

பில்லுல "கேரண்டி இல்லை"ன்னு அச்சடிச்சதுக்கு பயப்பட வேண்டாம். கேரண்டி தரலைங்கிறது வேற, கவனமா வேலை செய்யுற கடமை இல்லைங்கிறது வேற. உங்ககிட்ட பில்லாவது இருக்கு, ரொம்ப பேருக்கு துண்டுச்சீட்டு கூட கிடையாது (பில் தராததே நுகர்வோர் சட்டம் பிரிவு 2(47) படி முறையற்ற வணிக நடைமுறைல வரும், அது தெரியாமலே எத்தனை பேர் விட்டுடறாங்க).

ஒர்க்‌ஷாப் மதுரைன்னாலும் நீங்க குடியிருக்கிற இடத்துலயே புகார் போடலாம்னு 2019 சட்டம் பிரிவு 34 சொல்லுது, திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் போதும். நீங்க கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள்ள இருக்கறதால கோர்ட் கட்டணம் கிடையாது. ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், பிரிவு 69. வக்கீல் கட்டாயமில்ல, ஆன்லைன்லயும் போடலாம், அதுக்கு முன்னாடி 1915க்கு போன் பண்ணி தேசிய நுகர்வோர் உதவி மையத்துல பதிஞ்சு பாக்கலாம், சில ஒர்க்‌ஷாப் அந்த ஒரு போனுக்கே இறங்கி வந்துடுது. எதிர்தரப்பு பதில் போட 30 நாள், மேல 15 நாள், அதுக்கு மேல ஆணையம் நேரம் தர முடியாதுன்னு உச்ச நீதிமன்றமே 2020ல சொல்லிடுச்சு. கேஸை மூணு மாசத்துலயோ அஞ்சு மாசத்துலயோ முடிக்கணும்னு சட்டம் சொல்லுது, நடைமுறையில அப்படி முடியறதை நான் அதிகம் பாக்கலை.

எவ்வளவு கேக்கலாம்னா, 18,500 திரும்ப, நிபுணர் செலவு, வண்டி ஏத்தி வந்த செலவு, ஹெட்டு அவர் வேலையால கெட்டதுன்னு ரிப்போர்ட் வந்தா அதை சரிபண்ற தொகை, மன உளைச்சலுக்கு நியாயமா ஒரு தொகை. அப்பாவோட வண்டிங்கிறதுக்காக 5 லட்சம் மன உளைச்சல்னு போடாதீங்க, படிக்கிறவங்களுக்கே சிரிப்பு வரும். ஃபோன்ல பேசினப்ப கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுவேன்னு சொன்னீங்க இல்லையா, அந்த வருமான இழப்பை கேக்க வேண்டாம்னு சொல்றேன். வணிக நோக்கத்துக்குன்னு ஆகிட்டா நீங்க நுகர்வோரே இல்லைன்னு அவர் வக்கீல் எழும்புவார், சுயதொழில் பிழைப்புன்னா விதிவிலக்கு உண்டு, ஆனா உங்களுக்கு வேலை இருக்கு. அதுபோக சொந்த உபயோக வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விட்டா பெர்மிட் பிரச்சனை வேற. கேட்டா பொய் சொல்லாதீங்க, நீங்களா போய் இழுத்து விடாதீங்க.

கடைசியா போலீஸ். புகார் கொடுத்தா சிவில் பிரச்சனைன்னு சொல்லி ரெண்டு பேரையும் கூப்பிட்டு பேசி அனுப்ப வாய்ப்பு அதிகம், பணத் தகராறுல கூலி பாக்கின்னு ஒருத்தர் வண்டியை வச்சிருக்கிறது அதுமட்டுமா குற்றம் ஆகாது. ஆனா வண்டியில இருந்து கார்புரேட்டர், டைனமோ மாதிரி எதையாவது கழட்டி வேற வண்டிக்கு போட்டாலோ, வண்டியையே வித்துட்டாலோ, அது பாரதிய நியாய சன்ஹிதா (புது குற்றவியல் சட்டம்) பிரிவு 316, நம்பிக்கை மோசடி, அப்ப உடனே ஸ்டேஷனுக்கு போய் மனு ஏற்பு ரசீது வாங்குங்க. அதுக்குத்தான் இப்பவே ஒரு தடவை நேர்ல போய், சண்டை போடாம, பானெட்டை திறந்து உள்ள என்னென்ன இருக்குன்னு போட்டோ எடுத்துட்டு வந்துடுங்க.