மருத்துவர் பதில்: வயிறு கலங்குவதற்கு மாத்திரை உண்டா?

கேள்வி: எனக்கு 43 வயது. சிங்கப்பூரில் ஈசூன் வீட்டை விற்றுவிட்டுப் பொங்கோலில் அம்மா வீட்டருகே போகலாமா என்று எட்டு மாதமாக யோசிக்கிறேன். எக்செல்லில் போட்ட கணக்கு ‘விற்கலாம்’ என்கிறது. ஏஜெண்டை அழைக்கப் போனை எடுத்தால் வயிறு கலங்குகிறது. கணவர், “மனசைக் கேட்காதே, மூளையைக் கேள்” என்கிறார். இதைக் குறைக்க மாத்திரை உண்டா?

பதில்: மாத்திரை உண்டு. ஆனால் நீங்கள் சொன்னதை மட்டும் வைத்து நான் எழுதித் தர மாட்டேன்.

மனசும் மூளைக்குள்தான் இருக்கிறது, உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். நரம்பியல் மருத்துவர் அந்தோனியோ டமாசியோவிடம் வந்த ஒருவருக்கு நெற்றிக்குப் பின்னால் இருந்த கட்டியை எடுத்திருந்தார்கள். அறிவுத் தேர்வுகளில் குறையில்லை, நினைவாற்றலும் சரி. உணர்ச்சி மட்டும் மங்கிப்போயிருந்தது. வேலை போயிற்று, சேமிப்பு கரைந்தது, மணமுறிவும் ஆனது. அதே பகுதி பாதிக்கப்பட்ட இன்னொருவரிடம், அடுத்து வர இரண்டு தேதிகளைச் சொன்னார் டமாசியோ. அவர் சுமார் அரை மணி நேரம் இரண்டுக்கும் சாதக பாதகங்களை அடுக்கினார். தர்க்கத்தில் பிழையே இல்லை, தேதிதான் முடிவாகவில்லை. இது பிடித்திருக்கிறது, இது உறுத்துகிறது என்று உடம்பு சொல்லாவிட்டால் பட்டியலை முடிப்பது கடினம் என்பது டமாசியோவின் கருத்து.

அதற்காக வயிறு சொல்வதெல்லாம் சரி என்று ஆகாது. தூக்கம் கெட்ட மறுநாள், மூன்றாவது கோப்பிக்குப் பிறகு, யாரிடமாவது சண்டை போட்ட கையோடு வருகிற கலக்கத்துக்கும் வீட்டுக்கும் சம்பந்தம் இல்லாமலே இருக்கலாம். நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு காலையில் உட்கார்ந்து, எதை நினைத்தபோது கலங்கியது என்று எழுதுங்கள். புதுக் கடனா? பழகிய அண்டை வீட்டாரா? அம்மாவின் பக்கத்தில் இருந்தால் எல்லாப் பொறுப்பும் உங்கள் தலையில் விழும் என்ற பயமா? கடைசியாகச் சொன்னதை வாய்விட்டுச் சொல்லப் பெண்கள் தயங்குவதைக் கிளினிக்கில் அடிக்கடி பார்க்கிறேன். எக்செல்லில் அதற்கு ஒரு வரிசை இருக்காது.

சந்தையில் எந்த மீன் வாங்குவது என்பதற்கும் இப்படிக் கலங்கினால், இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ குறைந்தால், பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போங்கள். படபடப்பும் எடைக் குறைவும் இருந்தால் தைராய்டையும் பார்க்க வேண்டும். மலத்தில் ரத்தம் தெரிந்தால் காத்திருக்க வேண்டாம்.

அப்புறம், கணவரையும் தனியாக எழுதச் சொல்லுங்கள். மூளையைக் கேட்கிறவரின் தாளில் என்ன வருகிறது என்று பார்க்க எனக்கும் ஆசை.