மகனுக்கு ஓசோன் கருவி அனுப்பலாமா?

கேள்வி: என் மகன் அபுதாபியில் கட்டுமானப் பணியில் இருக்கிறான். கோடையில் பிற்பகலானால் வறட்டு இருமல், நெஞ்சில் இறுக்கம். விடுப்பில் கோத்தகிரிக்கு வந்தால் சரியாகிவிடுகிறது. 'அறைக்குள்ளேயே மலைக்காற்று' என்று ஊட்டியில் ஒருவர் ஓசோன் கருவி விற்கிறார். வாங்கி அனுப்பட்டுமா?

பதில்: வேண்டாம் அம்மா. உங்கள் மகனை இருமவைப்பதே ஓசோனாக இருக்கலாம். அதைக் காசு கொடுத்து வாங்கி அவன் தலைமாட்டில் வைக்காதீர்கள்.

'ஓசோன் நம்மைக் காப்பதல்லவா?' என்று விற்பவர் கேட்டிருப்பார். காப்பது பதினைந்து கிலோமீட்டருக்கு மேலே இருக்கும் படலம். நம் தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். மூக்குக்கு எட்டும் இடத்தில் அதே வாயு மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். கலிஃபோர்னியாவில் பத்து லட்சத்தில் 0.05 பங்குக்கு மேல் ஓசோன் விடும் வீட்டுக் காற்றுக் கருவிகளை விற்கவே தடை. இங்கே தடுத்துக் கேட்க ஆளில்லை. மலைக்காற்றின் பெயரைச் சொல்லி நம் மலையிலேயே விற்கிறார்கள், எனக்கு ஆறவில்லை.

வாகனப் புகையும் எண்ணெய் ஆலைகளின் ஆவியும் பாலைவன வெயிலில் வினைபுரிந்து ஓசோனாகின்றன. மேகமே இல்லாத வானம். அதனால் பிற்பகலில் உச்சம். கண்ணுக்குத் தெரியாததால் பழி முழுவதும் மணல்தூசி மேல் விழுகிறது. தூசிக்கான முகக்கவசம் இந்த வாயுவைத் தடுக்காது.

அங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணிவரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது. நல்ல சட்டம், ஆனால் வெப்பத்தை மட்டும் கணக்கில் வைத்தது. மூன்று மணிக்கு ஓசோன் குறைந்துவிடாது. சம்பளமும் விசாவும் பேசும் முகவர்களில், ஆஸ்துமா உண்டா என்று கேட்டவரை நான் பார்த்ததில்லை.

ஒரு விலக்கு உண்டு. சில விடுதிகளில் பூஞ்சை வாடை போக்க ஓசோன் கருவியை ஓட்டுவதுண்டு. அது ஆளில்லாத அறைக்கு. ஆள் மட்டுமல்ல, நாய், பூனை, கூண்டுப் பறவை எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. ஓட்டி முடித்தபின் கதவு, ஜன்னல்களைத் திறந்துபோட்டு, ஓசோன் வாடை முழுவதும் போன பிறகே விருந்தினரை அனுமதிக்க வேண்டும். விற்பவர் இதைக் காட்டி 'விடுதிகளிலேயே இருக்கிறதே' என்பார். மனிதர் தூங்கும் அறைக்கு அந்த நியாயம் செல்லாது.

கடினமான வேலையை விடியற்காலைக்கு மாற்றித் தரும்படி மகன் மேற்பார்வையாளரிடம் கேட்கட்டும். ஓய்வு நாளில் பிற்பகல் ஜன்னலை மூடிவைத்தால் அறைக்குள் ஓசோன் வெகுவாகக் குறையும். அடுத்த விடுப்பு வரை காத்திருக்காமல், அங்கேயே நுரையீரல் மருத்துவரிடம் ஊதிப் பார்க்கும் சோதனை செய்துகொள்ளட்டும். கருவிக்கு முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே திரும்பக் கேளுங்கள்.