ராமநாதபுரம் கடற்கரை வெயிலில் குட்டை முயல் வளர்க்கலாமா?

தொண்டி பக்கம் கடலோரத்தில் வீடு, மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் 'பெருசா வளராத முயல்' வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள், எந்த வகை வாங்கலாம், எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் உச்சிப்புளியில் முயல் வளர்ப்பவன். வகையை அப்புறம் பேசலாம். கத்திரி வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு அது உங்கள் வீட்டில் எங்கே படுத்திருக்கும்? இதற்குப் பதில் வைத்துக்கொண்டுதான் கடைப்பக்கம் போக வேண்டும்.

முயலுக்கு நம்மைப் போல வியர்க்காது. உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகத்தான் வெளியே விடும். 15 முதல் 20 டிகிரி வரை அதற்குச் சுகம், 30 தாண்டினால் திணற ஆரம்பித்துவிடும். நமக்கு வருஷத்தில் பாதிக்கு மேல் அதற்கு மேல்தான். போதாததற்குக் கடல் ஈரம் வேறு. ஈரக் காற்றில் ஏர் கூலர் போட்டும் பெரிய பலன் இல்லை. மின்விசிறி காற்றை ஓட்டும், அவ்வளவுதான்.

இதை வைத்துத்தான் வகையையும் பார்க்க வேண்டும். நெதர்லாந்து ட்வார்ஃப் என்னும் குட்டை ஜாதி ஒரு கிலோ அளவில் நின்றுவிடும், பார்க்க உருண்டையாக அழகாக இருக்கும். ஆனால் காது 5 சென்டிமீட்டர்தான், சூட்டை வெளியே விட இடமே கம்மி. காது தொங்கும் ஹாலந்து லாப் இரண்டு கிலோவுக்குள் இருக்கும், சாதுவானது. காது மடங்கிக் கிடப்பதால் உள்ளே அழுக்கு சேரும், அடிக்கடி பார்த்தாக வேண்டும். பிடரி முடி வைத்த லயன்ஹெட், பஞ்சு மாதிரி இருக்கும் அங்கோரா இரண்டும் கொடைக்கானல்காரர்களுக்குச் சரி, நமக்கு வேண்டாம். என்னைக் கேட்டால், நம் கடற்கரைக்குச் சுத்த ஜாதி ட்வார்ஃபை விட, குட்டை முடியும் நிமிர்ந்த நீளக் காதும் உள்ள கலப்பு முயல் மேல். இரண்டு, இரண்டரை கிலோ வரும். பாப்பா தூக்க முடியாதே என்பீர்கள். தூக்காமல் இருப்பதுதான் முயலுக்கும் நல்லது.

சந்தையிலும் மீன் தொட்டிக் கடையிலும் 'ட்வார்ஃப் சார், இதுக்கு மேல வளராது' என்று கொடுப்பதில் பெரும்பாலானவை கறி முயலின் குட்டிகள். நியூசிலாந்து வெள்ளை மாதிரி வகைகள் வளர்ந்தால் நாலு, ஐந்து கிலோ நிற்கும். குட்டியில் எல்லா முயலுக்கும் காது சின்னதாக இருப்பதால், காதைப் பார்த்து ஏமாறக் கூடாது. தாயையும் தகப்பனையும் காட்டச் சொல்லுங்கள். காட்டாதவரிடம் வாங்காதீர்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை யார் கொடுத்தாலும் வேண்டாம். பால் மறக்காமல் பிரித்த குட்டி வயிற்றுப்போக்கில் போய்விடும். கையில் எடுத்ததும் உதட்டை மெல்ல விலக்கிப் பாருங்கள். மேல் முன்பல் கீழ்ப்பல்லுக்குச் சற்று முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். முகம் குட்டையான ஜாதிகளில் பல் கோணல் அதிகம், கண்ணீர்க் குழாய் அடைத்துக் கண் ஒழுகுவதும் உண்டு. முயலுக்குப் பல் ஆயுசு முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். கோணலாக வளர்ந்தால் தின்ன முடியாது, மாசா மாசம் மருத்துவரிடம் போய் வெட்ட வேண்டிவரும்.

ஜோடியாக வாங்கிக் குட்டி போட வைக்கலாம் என்ற யோசனை இருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். சுத்த ட்வார்ஃப் இரண்டைச் சேர்த்தால் சராசரியாக நாலில் ஒரு குட்டி இரண்டு பக்கமும் குட்டை மரபணு வாங்கிக்கொண்டு பிறக்கும். அது கட்டை விரல் அளவில் இருந்து சில நாளில் செத்துப்போகும். யார் கவனிப்பிலும் பிழைக்காது. பாப்பா அதைப் பார்க்க வேண்டுமா என்று யோசியுங்கள். 'ரெண்டுமே பொட்டை' என்று கடைக்காரர் சொல்வதையும் நம்பிவிடாதீர்கள். சின்னக் குட்டியில் ஆண் பெண் பார்ப்பது பழகியவர்களுக்கே தடுமாறும், சினை 31 நாள்தான்.

இடத்துக்கு வருவோம். மொட்டை மாடி, தகரக் கொட்டகை, வெயில் விழும் தாழ்வாரம் எதுவும் ஆகாது. வீட்டுக்குள்ளேயே தரை குளிர்ந்த ஒரு மூலை, முடிந்தால் கீற்று வேய்ந்த பக்கம். தண்ணீர் பாட்டிலை ஐஸ் ஆக்கித் துணி சுற்றி வைத்தால் தானாக வந்து சாய்ந்து படுத்துக்கொள்ளும். கவிழ்த்துப் போட்ட மண்பானையில் வாயை அகலமாக உடைத்து, விளிம்பைத் தேய்த்து வைத்தால் அதற்குள் புகுந்துகொள்ளும். கம்பிக் கூண்டு நம் உப்புக் காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும், கம்பித் தரையில் பாதமும் புண்ணாகும். கம்பி மேல் பனையோலைப் பாய் விரித்தால் அதைக் கடித்துத் தீர்த்துவிடும், தீர்க்கட்டும். சாயம் போடாத ஓலைக் கொட்டான் ஒன்றை உள்ளே போட்டால் கடையில் விற்கும் விளையாட்டுச் சாமானைச் சீண்டக்கூட மாட்டாது. தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று மணலை அள்ளி வீசும் மாதங்களில் அந்தப் பக்கம் சாக்கோ படுதாவோ கட்டுங்கள், ஏற்கெனவே கண் ஒழுகும் ஜாதிக்கு மணல் விழுந்தால் கஷ்டம். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, எச்சில் ஒழுகிக் காது கொதித்தாலோ காதைச் சாதாரணத் தண்ணீரால் நனைத்துவிட்டு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது.

தீனியில்தான் நம் ஊரில் நிஜமான சிரமம். முயல் சாப்பாட்டில் முக்கால் பங்குக்கு மேல் புல்தான் இருக்க வேண்டும், காய்ந்த புல் என்றால் இன்னும் நல்லது. பெட்டியில் வரும் டிமோதி புல் விலை கட்டாது. அருகம்புல்லைக் கழுவி நிழலில் உலர்த்திச் சாக்கில் கட்டி வைக்கிறேன். மாடு வைத்திருப்பவர்களிடம் வேலிமசால், கோ புல் மாதிரித் தீவனம் கிடைக்கும். ரோட்டோரப் புல்லில் நாய் மூத்திரமும் மருந்தும் இருக்கும், அறுக்காதீர்கள். வைக்கோல் படுக்கைக்குச் சரி, அதில் சத்து கிடையாது. முருங்கைக்கீரை, கொத்தமல்லி கொஞ்சம் கொஞ்சம் கொடுக்கலாம். கேரட் அதற்கு மிட்டாய், ஒரு வில்லை போதும். பிஸ்கட், சோறு, முறுக்கு கிட்டவே கொண்டுபோகாதீர்கள், இதைத் தாத்தா பாட்டியிடமும் சொல்லிவிடுங்கள். போர் தண்ணீர் உப்பு என்றால் நீங்கள் குடிக்கும் கேன் தண்ணீரையே வையுங்கள். ஒரு கிலோ முயல் நாளைக்கு 50 முதல் 150 மில்லி வரை குடிக்கும், வெயிலில் கொஞ்சம் கூடும். விடியற்காலையில் அது தன் பின்பக்கத்திலேயே வாய் வைத்து மெத்தென்ற புழுக்கையைத் தின்னும். திட்டாதீர்கள், இரண்டாவது முறை செரித்தால்தான் சத்து சேரும்.

அரை நாளுக்கு மேல் தின்னாமலும் புழுக்கை போடாமலும் குந்தியிருந்தால் அவசரம். குடல் நின்றுபோயிருக்கும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் பிழைக்காது. நம் பக்கத்துக் கால்நடை மருந்தகங்களில் ஆடு மாடுதான் அதிகம், முயல் பார்ப்பாரா என்று வாங்கும் முன்னாலேயே கேட்டு வையுங்கள். இல்லையென்றால் மதுரைதான், ராமநாதபுரத்திலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல். பாப்பாவுக்கு வாங்கிய அமாக்சிசிலின் சிரப் மிச்சம் இருக்கிறதே என்று ஊற்றிவிடாதீர்கள், வாய்வழி கொடுத்தால் குடல் கிருமிகளைக் கெடுத்துக் கொன்றுவிடும். நாய்க்கு உண்ணி போக அடிக்கும் ஃபிப்ரோனில் மருந்தும் இதற்கு விஷம். குளிப்பாட்டவும் வேண்டாம்.

கருவேலங் காட்டில் மாட்டியது என்று யாராவது முயல் குட்டி கொண்டுவந்தால் வாங்காதீர்கள். அது காட்டு முயல், 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். பிறக்கும்போதே முடியும் திறந்த கண்ணும் இருக்கும். வீட்டு முயல் குட்டி முடியில்லாமல் கண் மூடித்தான் பிறக்கும், கண் திறக்கப் பத்து நாள் ஆகும்.